காட்டுப்பூவரசு: மலைநிலமுடையோர் கவனிக்கத்தக்க ஒரு மரம்

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை முதலிய உயர்ந்த மலைகளில் தை, மாசி மாதங்களில் புல்வெளியின் நடுவே செந்நிறப் பூங்கொத்துக்களைத் தாங்கித் தனித்து நிற்கும் மரத்தைக் காணாத மலைவாசிகள் இலர். தமிழில் காட்டுப்பூவரசு என வழங்கும் இம்மரம் தாவர நூலோரால் ரோடோடெண்ட்ரான் என்று பெயரிடப்பட்ட பேரினத்தைச் சேர்ந்தது. பெயரில் பூவரசு என்றிருப்பினும், சமவெளியில் வேலியோரங்களில் வளரும் பூவரசுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. அது பருத்தியும் வெண்டையும் சேர்ந்த குடும்பத்தது. இதுவோ எரிக்கேசீ என்னும் குடும்பத்தது. ஐரோப்பாவின் வடபகுதிகளில் பயிருக்குதவாத புளிப்பு மண்மேடுகளை மூடி வளர்ந்து ஊதா நிறமாய்ப் பூக்கும் ஹீதர் என்ற சிறு புதரும் இக்குடும்பத்தினதே. நீலகிரிச் சோலையோரங்களில் வளர்வதும், இலையைக் கசக்கினால் மூட்டுவலித் தைலத்தின் வாசனை வீசுவதுமான கோல்தீரியாச் செடியும் இதன் உறவினமே. இவ்வுறவை இங்கே எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. புளிப்பு மண்ணிலேயே வாழ்வதும், சுண்ணாம்பைக் கண்டால் நலிவதும், மேலோட்டமான மெல்லிய வேர்களைக் கொண்டிருப்பதும் இக்குடும்பத்தின் பெரும்பாலான செடிகளுக்குப் பொதுவான குணங்களாகும். இக்குணங்களை அறியாதவர் இம்மரத்தை வளர்க்கவும் இயலாது, உள்ளதைக் காக்கவும் இயலாது.

மலைநிலங்களில் இம்மரம் குறைந்து வருவதற்குக் குடியானவர்களின் பகைமை காரணமன்று. அதனை ஒரு பொருட்டாக எண்ணாமையே காரணம். தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் நிலம் திருத்தப்படும்பொழுது குறுக்கே நிற்கும் மரம் வெட்டப்படுகின்றது. வரப்பிலும் ஓடையோரத்திலும் எஞ்சி நிற்பது பின்னொரு குளிர்காலத்தில் விறகாகின்றது. இதற்கு எதிராக, மலையின் அழகை மீட்கும் நோக்கத்துடன் சிலர் நாற்றுக்களை வாங்கி நடுவதும் உண்டு. அந்நாற்றுக்களுட் பல மூன்று வருஷங்களுக்குள் மஞ்சளித்து மாண்டு போகின்றன. முன்னது கோடரியால் நேரும் சாவு. பின்னது அக்கறையோடு இடப்படும் எருவாலும் சுண்ணாம்பாலும் நேரும் சாவு. இவ்விரண்டில் இரண்டாவதை நிறுத்துவது எளிது. முதலாவதை நிறுத்துவது சற்றுக் கடினம். ஆயினும் இரண்டும் நிலமுடையோரையும் கிராம உத்தியோகஸ்தர்களையும் பொறுத்த காரியங்களே.

இம்மரத்தின் பரவலைக் கவனிப்போர்க்கு ஒரு விந்தை புலப்படும். இதன் மூல இனம் காஷ்மீரம் முதல் பூட்டான் வரையிலும் அதற்கப்பாலும் இமயமலைச் சாரல் முழுவதும் காடுகளாக நிற்கின்றது. நேபாளத்தார் அதனை லாலிகுராஸ் என்று போற்றித் தம் நாட்டு மலராகக் கொண்டுள்ளனர். உத்தரகண்டத்தார் புராஞ்ச் என்ற பெயரால் அதனைத் தம் இராஜ்ய மரமாக வைத்துள்ளனர். அங்கிருந்து தெற்கே வரும்பொழுது நூற்றுக்கணக்கான மைல்களுக்கு இம்மரம் ஒன்றேனும் இல்லை. பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் 5,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மறுபடியும் தோன்றுகின்றது. இலங்கையின் உயர்ந்த மலைகளிலும் அதன் உறவான மற்றொரு வகை உண்டு. நீலகிரி வகைக்குத் தாவர நூலோர் நீலகிரியின் பெயரையே இட்டுள்ளனர். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ரோடோடெண்ட்ரான் இது ஒன்றே. இங்கு அழிந்தால் வேறெங்கிருந்தும் காற்றோ பறவையோ விதையைக் கொண்டுவந்து மறுபடியும் முளைப்பிக்கப் போவதில்லை. குறிஞ்சி பூக்கும் வருஷத்தில், 2018-இல் நேர்ந்தது போல, ஆயிரக்கணக்கானோர் மலையேறி வருகின்றனர். ஆண்டுதோறும் தவறாமல் பூக்கும் இம்மரத்தின்பால் அத்தகைய கவனம் செல்லாமை, எளிதில் கிடைப்பதற்கு மதிப்பில்லை என்பதற்கு ஒரு சான்று போலும்.

இம்மரத்தின் பட்டை தடித்து, பிளவுபட்டு, தக்கை போன்றிருக்கும். புல்வெளியில் தீப் பரவுங்கால் ஏனைய மரங்கள் கருகினும் இது பெரும்பாலும் தப்பி நிற்பது இதனாலேயே. இலை தோல் போல் தடித்து, மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் பழுப்புநிறச் சுணை படர்ந்தும் இருக்கும். பனிக்காலத்துக் குளிரையும் கோடைக்காலத்து உலர்ந்த காற்றையும் அது பொறுத்துக்கொள்ளும். எனினும் முதிர்ந்த மரத்துக்குள்ள இவ்வலிமை நாற்றுக்கு இல்லை. இரண்டங்குல உயரமுள்ள நாற்று ஒரு புல்தீயில் மறைந்துவிடும், உறைபனியிலும் வாடும். ஆதலால், ஒரு குன்றில் பத்துப் பெரிய மரங்கள் நிற்கக் கண்டு, இங்கு இம்மரத்துக்குக் குறைவில்லை என்று எண்ணுவது தவறு. அப்பத்து மரங்களின் கீழும் அருகிலும் இளங்கன்றுகள் உளவா என்று பார்த்தல் வேண்டும். இல்லையெனில் அக்குன்றில் நிற்பவை கிழமரங்களே. அவை வீழ்ந்தபின் அவற்றின் இடத்தை நிரப்ப ஒன்றும் இராது.

இங்குச் சீகை மரத்தைப் பற்றியும் கற்பூர மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுதல் அவசியம். இவை இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்டு, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் நீலகிரியில் பயிராக்கப்பட்டவை. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், தைலத்துக்கும் அவை உதவின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சீகை, நட்ட எல்லையில் நில்லாது புல்வெளிக்குள் தானே விதைத்துப் பரவும் தன்மையுடையது. அதன் அடர்ந்த நிழலில் வெளிச்சத்தை விரும்பும் காட்டுப்பூவரசுக் கன்றுக்கு இடமில்லை. அந்நிய மரங்களைப் படிப்படியாக அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்க வேண்டுமென்ற கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் வகுத்தது. அவ்வேலை பெரும்பாலும் வனத்துறையின் நிலங்களைப் பற்றியதே. பட்டா நிலத்தில் உள்ள சீகைக் கன்றுகளைப் பிடுங்குவதற்கு நிலமுடையவரே முன்வரவேண்டும். விறகு வேண்டுவோர் சீகையை வெட்டிக்கொண்டு காட்டுப்பூவரசை விட்டுவைத்தால் ஒரே வேலையில் இரண்டு நன்மைகள் விளையும்.

இனி, இம்மரத்தை விட்டுவைப்பதற்கு எதிராக நிலமுடையோர் கூறும் நியாயங்களைப் புறக்கணித்தல் முறையன்று. அவற்றுள் வலுவானது விஷத்தைப் பற்றியது. ரோடோடெண்ட்ரான் பேரினத்துச் செடிகள் பலவற்றின் இலையிலும் பூந்தேனிலும் கிரயனோடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. ஆடுமாடுகள் இலையை மிகுதியாகத் தின்றால் எச்சில் ஒழுகி, வாந்தியெடுத்து, கால் தள்ளாடி, நாடித்துடிப்புத் தளர்ந்து, சில சமயம் இறந்தும் போகும். கி.மு. 401-இல் கருங்கடற்கரையில் ஒரு கிரேக்கச் சேனை காட்டுத்தேனை உண்டு கூட்டங்கூட்டமாக மயங்கிக் கிடந்த செய்தி சரித்திரத்தில் உள்ளது. அது அப்பிரதேசத்தில் வளரும் இவ்வினச் செடிகளின் தேனே என்பர். ஆகையால் இம்மரத்தை மாட்டுத்தொழுவத்தின் அருகிலோ, வெள்ளாடுகளை அடைக்கும் பட்டியின் வேலியிலோ நடச் சொல்வது பொறுப்பற்ற யோசனையாகும். நன்கு மேய்ந்த மாடு இக்கசப்பு இலையை நாடாது. புல் வற்றிய கோடையில் பசித்த ஆடும், வெட்டிப்போட்ட கிளைகளைக் கண்ட கன்றுமே பெரும்பாலும் அகப்படுகின்றன. கவாத்துச் செய்த தழையை மேய்ச்சலில் எறியாமல் அப்புறப்படுத்துவது போதுமான எச்சரிக்கை. ஏதேனும் கால்நடை தின்றுவிட்டதாகச் சந்தேகம் தோன்றினால் கைவைத்தியத்தில் காலம் போக்காது கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

அடுத்த நியாயம், இதனால் வரும்படி இல்லை என்பது. இது பெரும்பாலும் உண்மையே. அதை மறைத்துப் பேசுவதால் பயனில்லை. மரம் கோணிக்கோணி வளரும். அறுத்த பலகை வளைந்துபோகும். இமயமலைப் பக்கங்களில் விறகுக்கும் கரிக்கும் கருவிகளின் கைப்பிடிக்கும் அதைப் பயன்படுத்துவர். உத்தரகண்டத்திலும் இமாசலத்திலும் பூவிதழ்களைப் பிழிந்து சர்பத்தாக்கி விற்பது ஒரு சிறு தொழிலாக வளர்ந்துள்ளது. அதைக் கண்டு நீலகிரியிலும் அவ்வாறு செய்யலாம் என்று ஆசை காட்டுவோர் இருக்கக்கூடும். அது ஏற்கத்தக்கதன்று. அங்கே மலைமுழுதும் காடாக நிற்பது இங்கே தனித்தனி மரமாக நிற்கின்றது. பூவைப் பறித்தால் விதையில்லை, விதையில்லையேல் கன்றில்லை. தேன்சிட்டு முதலிய பறவைகள் குளிர்காலத்து உணவுக்கு இப்பூவையே நாடி வருகின்றன. மகரந்தச் சேர்க்கையும் அவற்றால் நடைபெறுகின்றது. ஆகவே காசு கருதி இம்மரத்தை வளர்க்க வேண்டுமென்று எவரையும் தூண்டுதல் தகாது. சரிவான நிலத்தில் மண்ணைப் பிடித்து நிற்பதும், ஓடைக்கரையைக் காப்பதும், இலைச்சருகால் நிலத்தை மூடுவதும் ஆகிய நன்மைகள் கணக்குப் புத்தகத்தில் ஏறா. எனினும் ஒரு பெருமழையில் தேயிலைச் சரிவு இடிந்து ஓடைக்குள் இறங்கிய நிலத்துக்காரருக்கு அவற்றின் மதிப்பு தெரியும்.

மூன்றாவது நியாயம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆயினும் அதுவே மற்றவற்றினும் ஆழமானது. மலைப்பிரதேசங்களில் மரம் வெட்டுவதை 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. அதற்கென அமைந்த குழுவின் முன்னனுமதியின்றிப் பட்டா நிலத்திலும் மரம் வெட்டுதல் கூடாது. சட்டத்தின் நோக்கம் நல்லதே. அச்சட்டம் இல்லாதிருந்தால் இன்று எஞ்சியுள்ள சோலைத்துண்டுகளுட் பல இரா. ஆனால் அதனால் குடியானவர் மனத்தில் எழும் எண்ணம் யாது? கன்றாக இருக்கும்போது பிடுங்கினால் கேட்பாரில்லை. மரமாகிவிட்டால் தம் நிலத்தில் தாமே கைவைக்க இயலாது. ஆதலின் வரப்பில் தானாக முளைத்த காட்டு மரக்கன்றைக் கண்டவுடன் களையோடு களையாகப் பிடுங்கியெறிவதே புத்திசாலித்தனம் என்று அவர் முடிவு செய்கின்றார். முதிர்ந்த மரத்தைக் காக்கும் சட்டம் கன்றுக்கு எமனாகும் நிலை இது. சட்டத்தைத் தளர்த்துவது இதற்குப் பரிகாரமன்று. தளர்த்தினால் முதலில் வீழ்வது பெரிய மரங்களே. மரம் நிற்பதால் பட்டாவுக்கோ சாகுபடி உரிமைக்கோ குறைவு நேராது என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் குடியானவர்களுக்கு விளங்கச் சொல்லலாம். வரப்பிலும் ஓடையோரத்திலும் நிற்கும் நாட்டு மரங்களை நிலமுடையவர் தாமே காட்டி எழுதிவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். இன்று குடியானவரும் உத்தியோகஸ்தரும் மரத்தின் பொருட்டுச் சந்திப்பதெல்லாம் அது வெட்டப்பட்ட பிறகே. மரம் நிற்கும்போதே ஒருமுறை சந்தித்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

நட விரும்புவோர் முதலில் இடத்தைத் தெரிதல் வேண்டும். 5,000 அடிக்குக் கீழே இம்மரத்தை நட முயல்வது பெரும்பாலும் வீண்செலவு. சமவெளியில் தொட்டியில் வைத்து வளர்க்க விரும்புவோர்க்கு வேறு பூஞ்செடிகள் எத்தனையோ உண்டு. உயர்ந்த மலையிலும் நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. வேரழுகல் நோயை உண்டாக்கும் பைட்டாப்தொரா என்னும் நுண்ணுயிர் அத்தகைய இடத்தில் ஒரே மழைக்காலத்தில் செடியை முடித்துவிடும். வடிகாலுள்ள சரிவு, சோலையின் விளிம்பு, காலைவெயில் பட்டு உச்சிவெயிலில் சிறிது நிழல் விழும் மேடு ஆகியவை ஏற்றவை. புதிதாய்க் கட்டிய சிமெண்டுச் சுவரை ஒட்டியும், வெள்ளையடித்த மதிலின் அடியிலும் நடுதல் கூடாது. அங்கு மழைநீரோடு சுண்ணாம்பு கரைந்து மண்ணில் இறங்கும்.

இச்சுண்ணாம்பு விஷயமே எல்லாவற்றிலும் முக்கியமானது. மண்ணின் புளிப்பைக் குறிக்கும் பி.எச். எண் இம்மரத்துக்கு 4.5 முதல் 5.5 வரை இருப்பது நலம். நீலகிரி மண் இயற்கையாகவே இந்நிலையில் உள்ளது. ஆனால் காய்கறிப் பயிருக்காகவும் தேயிலைக்காகவும் புளிப்பை மாற்றுவதற்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ இடப்படுகின்றது. பயிருக்கு அது தேவையே. மேற்சரிவில் இட்டது மழையில் கீழ்ச்சரிவுக்கு வரும் என்பதை மட்டும் மறத்தலாகாது. காட்டுப்பூவரசு நிற்கும் வரப்புக்கு மேலே சில கஜதூரத்துக்குச் சுண்ணாம்பைத் தவிர்ப்பதால் பயிருக்கு வரும் நஷ்டம் சொற்பமே. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது போகும். அதனால் இளந்தளிர் மஞ்சளித்து நரம்புகள் மாத்திரம் பச்சையாகத் தோன்றும். இதைக் கண்டவர், செடிக்கு உரம் போதவில்லை என்று எண்ணிச் சாம்பலையும் எலும்புத்தூளையும் கொட்டுகின்றனர். அவ்விரண்டும் மண்ணின் புளிப்பை மேலும் குறைப்பன. நோயை மருந்தென்று ஊட்டுவது இதுவே. அத்தகைய செடிக்கு லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதியைக் கரைத்து இலையில் தெளித்தால் தற்காலிகமாகப் பச்சை திரும்பும். நிலையான பரிகாரம் மண்ணைத் திருத்துவதே. சந்தேகமுள்ளவர்கள் மண் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு பிடி மண்ணை அனுப்பி எண்ணைத் தெரிந்துகொண்ட பின் காரியத்தில் இறங்கலாம்.

நடும் முறையிலும் மாமரத்துக்கும் இதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. ஆழமாகக் குழிவெட்டி, தொழு எருவைக் கொட்டி, தண்டின் கழுத்துவரை மண்ணைத் தள்ளி மிதித்து நடுவது வழக்கம். இம்மரத்தின் வேர்கள் மயிர் போல் மெல்லியவை. மண்ணின் மேல்மட்டத்திலேயே பரவுபவை. ஆழ நட்டால் அவை மூச்சடைத்து அழுகும். குழி அகலமாகவும் ஆழம் குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். வேர்க்கட்டியின் மேற்புறம் தரைமட்டத்துக்கு ஓரங்குலம் மேலாகவே நிற்பது நல்லது. பச்சை எருவும் கோழி எருவும் ஆகா. நன்கு மக்கிய இலையுரத்தை மண்ணுடன் சரிபாதி கலந்தால் போதும். அத்துடன் பெரிய காட்டுப்பூவரசு மரத்தின் அடியிலிருந்து ஒரு கூடை மேல்மண்ணைக் கொணர்ந்து கலப்பது மிகவும் உசிதம். இக்குடும்பத்துச் செடிகளின் வேரோடு கூடி வாழ்ந்து, புளிப்பு மண்ணிலிருந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பெற்றுத் தரும் நுண்ணிய காளான்கள் அம்மண்ணில் உண்டு. அக்கூடை மண்ணுக்காக மரத்தின் வேரைக் கொத்திக் காயப்படுத்தலாகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

நட்டபின் செடியைச் சுற்றி மண்வெட்டியைத் தொடவே கூடாது. களையைக் கையால் பிடுங்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று அங்குலக் கனத்துக்குச் சருகாலோ மக்கிய பட்டைத்தூளாலோ மூடாக்கு இட்டு, அது தண்டைத் தொடாதவாறு நான்கு விரற்கடை விலக்கி வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் மூடாக்கைப் புதுப்பிப்பதே பெரும்பாலும் எருவுக்கு ஈடாகும். உரம் இட்டே தீரவேண்டுமெனில், அமோனியம் சல்பேட்டை இளஞ்செடிக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேற்படாமல் மழைக்கால ஆரம்பத்தில் தூவலாம். இச்செடி அமோனியா வடிவிலுள்ள தழைச்சத்தையே விரும்பும்; நைட்ரேட்டு உரங்களை நன்கு ஏற்காது. முதலிரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ மழைநீரையோ ஓடைநீரையோ ஊற்ற வேண்டும். பின்னர் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

நாற்று உற்பத்திதான் பொறுமையைச் சோதிப்பது. கிளைத்துண்டை ஒடித்து நட்டு வேர்விடச் செய்வது இவ்வகையில் அரிதாகவே பலிக்கும். தாழ்ந்த கிளையை வளைத்து, அடிப்புறத்தில் சிறு கீறலிட்டு, இலைமண்ணால் மூடிக் கவைக்குச்சியால் அழுத்திவைக்கும் பதியனே நம்பத்தக்கது. அதற்கும் ஓராண்டோ இரண்டாண்டோ செல்லும். மரத்தின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்கும், ஒரே மரத்தின் குணம் எங்கும் பரவாதிருப்பதற்கும் விதையே சிறந்தது. விதைத்த கன்று பூப்பதற்குப் பத்து வருஷங்களுக்கு மேலும் ஆகலாம். ஆகவே நடுபவர் தம் கண்ணால் பூவைக் காண்பதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. தென்னையை நடுபவரும் பேரனை எண்ணியே நடுகின்றார். சந்தையில் அலங்காரத்துக்கென விற்கும் வெளிநாட்டு ரோடோடெண்ட்ரான் வகைகளை இம்மரத்துக்குப் பதிலாக வரப்பிலும் ஓடையோரத்திலும் நடுதல் கூடவே கூடாது. ஸ்பெயின் முதலிய தேசங்களிலிருந்து 1763-இல் இங்கிலாந்துக்குள் தோட்டச்செடியாகப் புகுந்த பாண்டிக்கம் என்னும் வகை, அந்நாட்டுக் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் அடங்காது பரவிவிட்டது. அதனை வெட்டி ஒழிப்பதற்கு அந்நாட்டார் இன்றும் பெருஞ்செலவு செய்கின்றனர். சீகையால் பட்டது போதும்.

வீட்டுத் தோட்டத்தில் விரைவில் பூவைக் காண விரும்புவோர்க்கு அசேலியா உண்டு. அதுவும் இதே பேரினத்தைச் சேர்ந்த சிறு புதரே. உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய இடங்களில் நன்கு வளர்கின்றது. அரைமுற்றிய குச்சியிலிருந்தே வேர்விடும். மண்ணைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் கூறியவையெல்லாம் அதற்கும் பொருந்தும். கவாத்தில் மாத்திரம் ஒரு பிழை அடிக்கடி நேர்கின்றது. பூத்து முடிந்தவுடன் வெட்டாமல் பல மாதங்கள் கழித்து ஒழுங்குபடுத்துவோர், அதற்குள் உருவாகிவிட்ட அடுத்த வருஷத்து மொட்டுக்களையே வெட்டியெறிகின்றனர். பின்னர் செடி பூக்கவில்லை என்று நாற்றுப்பண்ணைக்காரரைக் குறை கூறுகின்றனர். இலையின் மேற்புறம் வெண்புள்ளிகளாக வெளிறி, அடிப்புறத்தில் கரும்பொட்டுக்கள் காணப்பட்டால் அது இலைச்சல்லடைப் பூச்சியின் வேலை. வேப்பெண்ணெய்க் கரைசலை இலையின் அடியில் படுமாறு தெளிக்க வேண்டும்.

நாற்றுக்களை இலவசமாக வழங்கும் விழாக்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூறத்தக்கது. ஒரே நாளில் எத்தனை ஆயிரம் கன்றுகள் நடப்பட்டன என்பதைக் கொண்டு அக்காரியத்தை மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. காட்டுப்பூவரசைப் போன்ற மெதுவாக வளரும் மரத்துக்கு இம்முறை கேடாகவே முடியும். எண்ணிக்கைக்காக ஓரங்குல நாற்றும் அனுப்பப்படும். குழி ஆழமாகவே வெட்டப்படும். மறுவருஷம் அதே குழியில் வேறொரு நாற்று நடப்பட்டு மறுபடியும் கணக்கில் ஏறும். நட்ட மூன்றாம் வருஷத்து முடிவில் உயிரோடு நிற்பவை எத்தனை என்பதை மாத்திரம் கேட்டால் போதும். ஐம்பது நட்டு நாற்பதைக் காத்த கிராமத்துக்கே, ஆயிரம் நட்டு ஒன்றையும் காவாத கிராமத்தினும் மதிப்பு அதிகம் தரத்தக்கது.

விதை சேகரிப்பதை எக்கிராமத்திலும் செலவின்றித் தொடங்கலாம். பூத்துப் பல மாதங்கள் கழிந்த பின்னரே காய் முற்றும். உயரத்துக்கும் மழைக்கும் தக்கவாறு காலம் மாறும். பச்சைக்காய் பழுப்பாக மாறி, இன்னும் வெடிக்காதிருக்கும் நிலையில் பறிப்பதே ஏற்றது. ஒரே மரத்திலிருந்து பறிக்காமல் ஐந்தாறு மரங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, மீதியை மரத்திலேயே விட்டுவிட வேண்டும். காய்களைக் காகிதப் பையில் இட்டு நிழலில் உலர்த்தினால் தாமே வெடித்துத் தூசி போன்ற விதையைச் சொரியும். சலித்த இலைமண்ணும் மணலும் கலந்து நிரப்பிய ஆழமில்லாத தட்டின்மேல் அதைத் தூவ வேண்டும். மண்ணால் மூடலாகாது, ஏனெனில் முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதை ஒதுங்கிவிடும். ஆகையால் தட்டை நீர்நிறைந்த பாத்திரத்தில் சற்று நேரம் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்து, ஒரு கண்ணாடியால் மூடி, நேர்வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். சில வாரங்களில் பாசி படர்ந்தாற்போல் பச்சை தோன்றும். அதைப் பாசியென்று கருதிக் கொட்டிவிடாமல், நான்கிலை விட்டபின் குச்சிமுனையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பைகளில் மாற்றி, உறைபனி படாத பந்தலின் கீழ் இரண்டு மூன்று வருஷங்கள் வைத்திருந்து, தென்மேற்குப் பருவமழை நன்கு பிடித்த பின் வெளியே நடலாம்.